கடைமடையில் ஒரு படகு சவாரி

காரைக்காலுக்குப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு விதமான பதில்தான் வரும்.

பக்திமான்களாக இருந்தால், "ஏன் சார், ஏழரையா?" என்று அனுதாபமாகக் கேட்பார்கள். திருநள்ளாறு அங்கேதானே இருக்கிறது! மற்றவர்கள் ஒரு கண்ணைச் சிமிட்டி, "நடத்துங்க, நடத்துங்க! வரும்போது நம்மளையும் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க" என்பார்கள். யூனியன் பிரதேசம் அல்லவா? பாட்டில் விலை அங்கே குறைவு என்பது பால்குடி மாறாத பாலகன்களுக்குக்கூடத் தெரியும்.

"அதெல்லாம் இல்லை சார், ஆறு பார்க்கப் போறேன்" என்றேன் நண்பர் ஒருவரிடம்.

"ஆறா? செக்போஸ்ட்டுல அத்தனை விடமாட்டாங்களே!" என்றார் கவலையாக.

எதிர்வீட்டு மாமி அதற்கும் ஒரு படி மேலே. "ஆறுக்கெல்லாம் எதுக்குப்பா பரிகாரம்? ஏழரைன்னாதானே போகணும்?"

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், பாவம், ஒரு ஆறு ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர் அரசலாறு. பழைய பெயர் அரிசிலாறு. கல்கி 'பொன்னியின் செல்வ'னில் குந்தவையையும் வானதியையும் படகில் ஏற்றி, வந்தியத்தேவனைப் பஞ்சடைத்த முதலை மேல் வேல் எறிய வைத்தாரே, அதே ஆறுதான். கும்பகோணத்துக்கு மேற்கே காவிரியிலிருந்து பிரிந்து, அந்த ஊருக்குத் தெற்கு எல்லையாக ஓடி, வயல்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு, கடைசியில் காரைக்காலில் வந்து கடலில் கலக்கிறது. குந்தவை விட்ட படகு அப்படியே மிதந்து வந்திருந்தால் காரைக்கால் பீச்சில்தான் கரை தட்டியிருக்கும்.

ஊரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கிழக்கே வங்காள விரிகுடா; மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. நடுவில் ஏறக்குறைய 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி ஜனத்தொகை சுமார் 2 லட்சம். இதற்குத் தலைநகரம் புதுச்சேரி. காரைக்கால்காரர் தம் தலைநகரத்துக்குப் போக வேண்டுமானால் தமிழ்நாட்டைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். கூடப் பிறந்த மாஹே கேரளக் கரையில். ஏனாம் ஆந்திரா பக்கம். நாலு அண்ணன் தம்பிகள் நாலு ஊரில் தனிக்குடித்தனம் இருந்துகொண்டு ஒரே ரேஷன் கார்டு வைத்திருக்கிற மாதிரி!

உபயம்: பிரெஞ்சுக்காரர்கள். 1739-ல் தஞ்சாவூர் மராட்டிய மன்னரிடமிருந்து காரைக்காலை வாங்கிக்கொண்டார்கள். நடுவில் சிலமுறை வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டதும் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் காகிதத்தில் முறைப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அதனால் நமக்கெல்லாம் ஆகஸ்ட் 15 என்றால் இவர்களுக்கு 15-ம் உண்டு, 16-ம் உண்டு. சுதந்திரத்துக்கு மறுநாளும் விசேஷம் கொண்டாடுகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்!

அந்தக் காலத்து மிச்சம் இன்னும் சில இருக்கிறது. போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. பஞ்சாயத்துக்குப் பெயர் 'கொம்யூன்' பஞ்சாயத்து. வண்டி நம்பர் பி.ஒய். 02. மற்றபடி தெருவில் நடந்தால் சாட்சாத் தஞ்சாவூர் ஜில்லாதான். அதே நெல் வாசனை, அதே குசும்பு, அதே "வாங்க, சாப்பிட்டீங்களா?"

பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் போகாதீர்கள். இரண்டு கிலோமீட்டருக்குள்தான். நடந்தே போங்கள். ஏனென்றால் இந்த ஊர் பீச் ரோடுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு விசேஷம் உண்டு: கடலுக்குப் போகிற வழி முழுக்க ஆறு கூடவே வருகிறது. வலது கைப்பக்கம் அகலமாக, நிதானமாக, அரசலாறு. நடைபாதை போட்டு பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள். எதிர்க்கரையில் தென்னைமரங்கள். தண்ணீரில் ஒற்றைக்காலில் தவம் செய்கிற கொக்கு. அதன் தவத்தைக் கலைக்காமல் மேலிருந்து 'பொத்'தென்று விழுந்து மீனைக் கவ்விக்கொண்டு போகிற மீன்கொத்தி. ஆபீசில் இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்!

சென்னை மெரினாவுக்குப் பழகியவர்களுக்கு இன்னொரு ஆச்சரியமும் காத்திருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் சூரியன் உதிப்பதைத்தான் பார்க்கலாம். மறைவதைப் பார்க்கக் கன்னியாகுமரிக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கே ஆறு மேற்கிலிருந்து வருகிறது. எனவே காலையில் கடலைப் பார்த்து உட்காருங்கள், உதயம். மாலையில் அப்படியே முதுகைத் திருப்பி ஆற்றைப் பார்த்து உட்காருங்கள், அஸ்தமனம். தண்ணீர் முழுக்கக் குங்குமத்தைக் கரைத்துவிட்ட மாதிரி இருக்கும். டிக்கெட் கிடையாது.

பசித்தால், சூடாக இறால் வாடா. வடை இல்லை சார், வாடா. நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளின் கைப்பக்குவம். மேலே ஒரு இறாலைப் பதித்துப் பொரித்திருப்பார்கள். ஒன்று சாப்பிட்டால் நிறுத்த முடியாது. நான் நாலோடு நிறுத்தியதற்குக் காரணம், கடைக்காரரிடம் நாலுதான் இருந்தது.

படகில் ஏறினேன். ஆரஞ்சு கலரில் லைஃப் ஜாக்கெட் மாட்டி விட்டார்கள். என் உடல்வாகுக்கு அது ஏதோ குழந்தைக்குப் போட்ட பிப் மாதிரி இருந்தது. பக்கத்தில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று. திருநள்ளாற்றில் நளதீர்த்தத்தில் முழுக்குப் போட்டுச் சனீஸ்வரனைத் தரிசித்து, தலைமுடி ஈரம் காயாமல் வந்திருந்தார்கள். வீட்டுக்காரர் படகிலிருந்து ஆற்றைப் பார்த்துப் பரவசமானார்.

"பாருங்க, என்ன தண்ணி! என்ன தண்ணி! காவிரியில தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு பேப்பர்ல போடறாங்க. இங்க வந்து பார்த்தாத்தானுங்க தெரியுது!"

படகோட்டி ஒன்றும் சொல்லவில்லை. கையை ஆற்றில் விட்டுக் கொஞ்சம் தண்ணீரை அள்ளி, "நாக்குல வெச்சுப் பாருங்க சார்" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர் வைத்தார். முகம் அஷ்டகோணல் ஆயிற்று. "உப்புங்க!"

"கடல்தாங்க சார் இது. அலை ஏறுறப்ப உள்ள வரும், எறங்குறப்ப வெளிய போவும். காவேரி வந்தா தானா தெரியும். தண்ணி கலரே மாறிடும்."

விஷயம் இதுதான். டெல்டாவின் விளிம்பில் நிலம் தாம்பாளம் மாதிரி தட்டை. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் வெகுதூரம் புகுந்துவிடும். அதனால்தான் முகத்துவாரம் பெரும்பாலும் ததும்பிக்கொண்டே இருக்கிறது. படகு விட அந்தத் தண்ணீர் போதும். நாற்று நட ஒரு சொட்டுகூட ஆகாது. மேலே இருந்து நல்ல தண்ணீர் வேகமாக வந்து தள்ளினால்தான் கடல் பின்வாங்கும். நல்ல தண்ணீர் வராத வருஷங்களில் உப்பு பூமிக்கு அடியிலும் நுழையும். கரையோரத்துக் கிணறு, போர் எல்லாம் கரிக்க ஆரம்பிக்கும்.

மறுநாள் காலை ஆற்றோடு மேற்கே, திருநள்ளாறு பக்கமாகப் போனேன். பீச் ரோட்டில் நூறடிக்கு நூறடி ததும்பிய அதே அரசலாறு, சில கிலோமீட்டர் தள்ளி நாணல் முளைத்துக் கிடந்தது. வாய்க்கால் மதகின் மேல் துண்டைத் தலைக்குக் கொடுத்துப் படுத்திருந்த பெரியவர் ஒருவர், என்னைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தார்.

"எந்தூரு தம்பி?"

சொன்னேன்.

"மேட்டூர்ல எத்தனை அடி நிக்குதுன்னு தெரியுமா?"

இந்தப் பக்கத்தில் 'சௌக்கியமா?' என்று கேட்பதற்குப் பதில் இதைத்தான் கேட்கிறார்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. முழு ஸ்கோர் 120 அடி. வழக்கமாக மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பார்கள். 2023-ல் அப்படித்தான் திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டி வந்தது. திறந்த மறுநாள் தொலைக்காட்சியில் மலர் தூவுகிற காட்சியைப் பார்த்துவிட்டு நாம் சேனலை மாற்றிவிடுகிறோம். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வரவே சில நாட்கள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு பிரித்து, பிறகு அரசலாற்றில் இறங்கி, வழியில் எத்தனையோ மதகுகளைத் தாண்டி இந்தப் பெரியவர் காலடிக்கு வருவதற்குள் இன்னும் எத்தனை நாள் ஆகும் என்பது வழியில் இருப்பவர்களின் தாகத்தைப் பொறுத்தது.

பி.காம். படித்த எனக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. ஒரு கம்பெனியை இழுத்து மூடினால் சொத்தை விற்று முதலில் அடமானம் வைத்துக்கொண்டவனுக்குக் கொடுப்பார்கள், பிறகு மற்ற கடன்காரனுக்கு, பிறகு முன்னுரிமைப் பங்குதாரருக்கு. எல்லோரும் எடுத்தது போக ஏதாவது மிச்சம் இருந்தால் சாதாரணப் பங்குதாரருக்கு. கடைமடைக்காரர் அந்தச் சாதாரணப் பங்குதாரர். குடகில் ஆரம்பித்து எண்ணூறு கிலோமீட்டர் வந்த நதியின் கணக்குப் புத்தகத்தில் கடைசி வரி.

நான் இதைச் சொன்னதும் பெரியவர் யோசித்தார். அவருக்கு என் உதாரணம் பிடிக்கவில்லை.

"அது என்னமோ தம்பி. நாங்க பந்தில கடைசி எலைல ஒக்காந்திருக்கோம். பாயசம் நம்மகிட்ட வர்றப்ப வாளி காலி. ஆனா ஐப்பசி கார்த்திகைல அடைமழை பேஞ்சு மேலத் தண்ணியெல்லாம் வடியுது பாருங்க, அப்ப மிச்ச சாம்பாரை மொத்தமா நம்ம எலைலதான் கொட்டுவாங்க!"

மூன்று வருஷம் காலேஜில் படித்ததை மதகு மேல் உட்கார்ந்தபடி ஒரு பந்தியில் முடித்துவிட்டார். வறட்சி என்றால் முதலில் காய்வதும் கடைமடை, வெள்ளம் என்றால் கடைசி வரை முழுகிக் கிடப்பதும் கடைமடை.

சட்டப்படி பங்கு இல்லாமல் இல்லை. காவிரி நடுவர் மன்றம் 1991-ல் இடைக்காலத் தீர்ப்புக் கொடுத்தபோது காரைக்காலுக்காக 6 டி.எம்.சி. ஒதுக்கியது. 2007-ல் இறுதித் தீர்ப்பில் அது 7 ஆயிற்று. 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கர்நாடகா, தமிழ்நாடு பங்குகளை மாற்றியமைத்தபோதும் புதுச்சேரியின் 7-ஐத் தொடவில்லை. மொத்தக் காவிரி 740 டி.எம்.சி. என்று கணக்கு. கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். நூறு ரூபாயில் 95 பைசா! அந்த 95 பைசாவுக்காக இத்தனை ஆயிரம் வயல்கள் மதகைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கின்றன. அதுவும் வர வேண்டிய நாளில் வந்தால்தான் காசு. நாற்று முற்றிய பிறகு வருகிற தண்ணீர், கல்யாணம் முடிந்த பிறகு வருகிற மொய் மாதிரி. வாங்கிக்கொள்ளலாம், சமையல்காரருக்குக் கொடுக்க உதவாது.

சாயங்காலம் மறுபடி முகத்துவாரம். தென்பக்கம் மீன்பிடித் துறைமுகம். விசைப்படகுகள் பச்சை, நீலம், சிவப்பு என்று வரிசையாக நின்றன. ஆறு கொண்டுவருகிற மண்ணும் கடல் ஒதுக்குகிற மணலும் சந்திக்கிற இடம் இது. முகத்துவாரம் தூர்ந்தால் படகு தரை தட்டும். எனவே "தூர் வாருங்க" என்ற கோரிக்கைக்கு இங்கே ஓய்வே கிடையாது. மேலே விவசாயியும் "தூர் வாருங்க" என்கிறார். கீழே மீனவரும் "தூர் வாருங்க" என்கிறார். ஒரே ஆறு, ஒரே கோரிக்கை. ஒருவருக்குத் தண்ணீர் உள்ளே வர வேண்டும், இன்னொருவருக்குப் படகு வெளியே போக வேண்டும்.

இந்தக் கரையிலிருந்து படகுகள் மட்டும் போகவில்லை. மனிதர்களும் போனார்கள். 1848-ல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஆள் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் பிடித்தார்கள். ஐந்து வருஷ ஒப்பந்தம். சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்த நம் ஜனங்கள் கடல் கடந்து ரீயூனியனுக்கும், அதற்கும் அப்பால் உலகத்தின் மறுபக்கத்திலிருந்த மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கும் போனார்கள். 1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியர்களின் முதல் கூட்டத்தை மார்ட்டினிக்கில் இறக்கியது. முப்பது வருஷத்துக்கு மேல் இது நடந்தது. திரும்பி வந்தவர்கள் குறைவு. அங்கே தமிழ் மறந்துபோன பேரன் பேத்திகள் இன்னமும் 'மலியெமே' என்று ஒரு தெய்வத்தைக் கும்பிடுகிறார்கள். மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். நம்ம மாரியம்மாதான்!

ஏழை ஜனம் ஊரை விட்டுப் போவதற்கு எப்போதும் ஒரே காரணம்தான். வயிறு. நெல் விளைகிற டெல்டாவிலிருந்து கரும்பு வெட்டப் போனவர்கள் கடைசியாகப் பார்த்த தண்ணீர் இந்தக் கரையோரத் தண்ணீராகத்தான் இருந்திருக்கும்.

கடற்கரையில் இன்னொரு நினைவும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இறந்தவர்களில் பெரும்பாலானவர்கள் காரைக்கால் பகுதிக்காரர்கள். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று கரையோர மீனவக் கிராமங்கள் எல்லாவற்றிலும் எழவு. வருஷா வருஷம் அந்த நாளில் கடலில் பாலை ஊற்றிப் பூவைப் போடுகிறார்கள். அப்புறம் மறுநாள் காலை அதே கடலுக்குப் போகிறார்கள். கடனைத் திருப்பித் தராதவனோடு வியாபாரத்தை நிறுத்திவிடு என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்தது. கடலோடு அப்படி நிறுத்த முடியுமா?

நிறுத்தாதது மட்டும் இல்லை, சம்பந்தமே வைத்திருக்கிறார்கள். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள், திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பது ஐதீகம். எனவே பட்டினச்சேரி மீனவர்கள் அவரைச் சுவாமியாக மட்டும் பார்ப்பதில்லை, மாப்பிள்ளையாகவே வரவேற்கிறார்கள். மாமனார் வீட்டுக்கு வருஷம் தவறாமல் ஒழுங்காக வருகிற மாப்பிள்ளை உலகத்திலேயே இவர் ஒருவர்தான்!

ஆனி மாதம் போனால் இன்னும் விசேஷம். மாங்கனித் திருவிழா. அறுபத்துமூன்று நாயன்மார்களில் மூன்றே பேர் பெண்கள். அதில் ஒருவர் இந்த ஊர்ப் புனிதவதி, அதாவது காரைக்கால் அம்மையார். கணவன் கொடுத்தனுப்பிய மாம்பழத்தைச் சிவனடியாருக்குப் போட்டுவிட்டு, கணவன் இன்னொன்று கேட்டதும் இறைவனிடம் வாங்கிக் கொடுத்தவர். பௌர்ணமியன்று பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். கீழே பிடிக்கப் பெரிய போட்டி. ஹெல்மெட்டோடு போவது உத்தமம்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சென்னையிலிருந்து இரவு ரயில் உண்டு. பஸ்ஸிலும் போகலாம். வடக்கே கொஞ்ச தூரத்தில் தரங்கம்பாடி, டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்ட ஆரம்பித்த கோட்டை. தெற்கே நாகூர் தர்கா, அதற்கப்பால் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் இருந்த நாகப்பட்டினம், அதற்கும் அப்பால் வேளாங்கண்ணி. பாஸ்போர்ட் இல்லாமல் ஒரே நாளில் நாலு தேசத்துச் சரித்திரம். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் ரொம்ப சுகம்.

ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. பீச் ரோட்டில் படகு விட்டு, வாடா தின்று, அஸ்தமனம் பார்த்து, 'என்ன தண்ணி!' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஆற்றோடு பத்து கிலோமீட்டர் மேற்கே போய் ஏதாவது ஒரு மதகின் மேல் உட்காருங்கள். யாராவது ஒரு பெரியவர் இருப்பார். மேட்டூரில் எத்தனை அடி என்று கேட்பார்.

பேப்பரில் நீர்மட்டம் என்று ஒரு மூலையில் குட்டியூண்டு கட்டம் போட்டு வருகிறது, பார்த்திருப்பீர்கள். ராசிபலனுக்கும் சினிமா விளம்பரத்துக்கும் நடுவில். கிளம்புவதற்கு முன் அதை ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதில் சொல்ல வேண்டாமா?